அப்பா வைத்த தாழை வேலி

இரண்டு மணி நேரம்தான் ஆனது. 1977 புயலுக்குப் பிறகு அப்பா வைத்து, முப்பது ஆண்டுக்கு மேல் வளர்ந்து நின்ற தாழைப் புதரை, 2009 மாசி மாதம் ஒரு பொக்லைன் எந்திரம் இரண்டு மணி நேரத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டது. வாடகை பேசிக் கூட்டி வந்தவன் நான்தான். எந்திரம் ஓட்டிய தம்பி நடுவில் ஒருமுறை நிறுத்திவிட்டு, "என்னண்ணே, செடி வரமாட்டேங்குது, மணல்மேடே சேர்ந்து வருதுண்ணே" என்றார். வேரோடு வேராக வண்டி வண்டியாய் மணல் தொங்கியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலுக்கும் எங்கள் வயலுக்கும் நடுவில் ஒரே ஒரு மணல்மேடு. அந்த மேட்டின் உள்சரிவில் இருநூறு அடி நீளத்துக்குத் தாழை நின்றது. அதை ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். காரணம் நிறைய வைத்திருந்தேன். எலி அடைகிறது, காட்டுப்பன்றி பதுங்குகிறது, ஆட்டுக்குட்டி கண்ணில் முள் குத்திவிட்டது, பாம்பு இருக்கிறது என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். உண்மையான காரணம் சவுக்கு. அந்த ஆண்டு சவுக்குக்கு நல்ல விலை. புதரை எடுத்தால் இருபது சென்ட் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அம்மா திண்ணையில் இருந்தபடி ஒன்றே ஒன்று சொன்னாங்க: "அது வேலி இல்லடா, உங்கப்பா கடலுக்குப் போட்ட வரப்பு." கிழவி பேச்சு என்று விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு ஆண்டு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டு வாடைக்காற்றில் மணல் நகர ஆரம்பித்தது. காலையில் போய்ப் பார்த்தால் மிளகாய் நாற்று பாதி புதைந்து கிடக்கும். முல்லைக்கொடியின் கொழுந்து, கடல் பார்த்த பக்கம் மட்டும் தீயில் வாட்டியது போல் கருகும். காற்றில் வரும் உப்புச் சாரல் செய்கிற வேலை அது. நோய் என்று நினைத்து என்னென்னமோ கரைசல் அடித்தேன். உப்புக்கு எந்தக் கரைசல் கேட்கும்? அடுத்தது எங்கள் குட்டை. இந்தப் பக்கம் மணலில் எட்டடி, பத்தடி தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீரை நம்பித்தான் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து பயிர். அந்தக் குட்டை மணல் சரிந்து தூர்ந்தது. தூரெடுத்து ஆழப்படுத்தினேன். ஆழப்படுத்திய பிறகு வந்த தண்ணீர் கரித்தது. அந்தத் தண்ணியில் டீ போட்டால் பால் திரிந்தது, பருப்பு வேகவில்லை. அப்போதுதான் அம்மா சொன்ன 'வரப்பு' என்ற சொல் எனக்குள் திரும்ப வந்தது.

அதற்குப் பிறகு தாழையைப் பற்றி யார் எது சொன்னாலும் கேட்டேன், கிடைத்ததைப் படித்தேன், ஊரில் மிச்சமிருக்கும் புதர்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நாற்பது ஆண்டு பக்கத்தில் வாழ்ந்தும் பார்க்காமல் விட்ட செடி அது. கடலோர உழவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

கால் ஊன்றி நிற்கும் செடி

தாழை, கைதை என்ற இரண்டு பெயரும் நமக்குப் பழைய பெயர்கள். மலையாளத்தில் இன்றும் கைதைதான். அன்னாசிப் பழத்தைக்கூட அங்கே 'கைதச்சக்க' என்கிறார்கள், தாழம்பழம் மாதிரி இருப்பதால். தாவர நூலில் இதன் பெயர் பண்டானஸ் ஓடோரிஃபர். பழைய நூல்களில் பண்டானஸ் ஃபாசிகுலாரிஸ், ஓடோரட்டிசிமஸ் என்றும் பார்க்கலாம். முதல் பாதி, மலாய் மொழியின் 'பண்டான்' என்ற சொல்லில் இருந்து வந்தது. பின்பாதிக்கு மணம் தருவது என்று பொருள். கடற்கரை ஊர்ப் பெயர்களைப் பாருங்க: கடலூர்ப் பக்கம் தாழங்குடா, எண்ணூரில் தாழங்குப்பம், யாழ்ப்பாணத்துப் பக்கம் தாழையடி. செடி போன இடத்திலும் பெயர் நின்றுகொண்டிருக்கிறது.

தென்னை, பனை, நெல் போல இதுவும் ஒருவித்திலைத் தாவரம். இங்கேதான் இதன் முழுக் கதையும் தொடங்குகிறது. வேம்பு, புன்னை போல இதன் தண்டு ஆண்டுக்காண்டு பருக்காது. ஆனால் உச்சியில் ஓலை கூடிக்கொண்டே போகும், கிளை விடும், பழம் தொங்கும். மெல்லிய காலில் கனத்த தலை. அதுவும் நிற்பது மணலில், அடிப்பது கடற்காற்று. சாய்ந்துவிடாதா? சாயாமல் இருக்கத்தான் தண்டில் இருந்து விழுது இறக்குகிறது. ஆலமரம் கிளையில் இருந்து இறக்கும், தாழை தண்டின் அடிப்பகுதியில் இருந்தே சாய்வாக, கூடாரக் கம்பு போல நாலாபக்கமும் இறக்கும். பாடப் புத்தகத்தில் முட்டு வேர் என்பார்கள். எங்கள் ஊரில் தாழை விழுது. தரையைத் தொடாத விழுதின் நுனியைக் கையில் பிடித்துப் பாருங்க. தொப்பி மேல் தொப்பி வைத்த மாதிரி அடுக்கடுக்காக மூடி இருக்கும். வெயிலில் காயாமலும் மணலில் தேயாமலும் வளரும் நுனியைக் காக்கிற மூடி அது. வேறு செடிகளில் வேர்மூடியைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டும், தாழையில் வெறுங்கண்ணே போதும்.

இந்த விழுதுகள்தான் மணலைப் பிடிக்கின்றன. காற்றில் வரும் மணல் விழுதுச் சிக்கலில் வேகம் இழந்து அங்கேயே விழுகிறது. விழுந்த மணல் தண்டை மூடினால் மற்ற செடி மூச்சு முட்டிச் சாகும். தாழை அந்தப் புது மணலுக்குள்ளேயே இன்னொரு விழுதை இறக்கி, ஒரு படி மேலே ஏறி நிற்கும். மேடு உயர உயரச் செடியும் உயரும். பொக்லைன் ஓட்டிய தம்பி சொன்னது சரிதான். அங்கே செடி வேறு, மேடு வேறு இல்லை.

ஓலை மூன்று, நான்கு அடி நீளம், சிலது அதற்கும் மேல். இரண்டு விளிம்பிலும் முள், நடு நரம்பின் அடியிலும் முள். ஓலைகள் மூன்று வரிசையாகத் தண்டைச் சுற்றித் திருகாணி மரை போல ஏறும். அதனால்தான் ஆங்கிலத்தில் திருகாணியை வைத்து 'ஸ்குரூ பைன்' என்று பெயர். ஒவ்வொரு ஓலையும் நடுவில் குழிந்த வாய்க்கால். பனி பெய்த விடியலில் போய்ப் பாருங்க, துளித்துளியாய் நீர் ஓலை வழியாக இறங்கி, குருத்துக்குப் போய், தண்டு வழியாக விழுதுக்கு வரும். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்ட் ஹவ் என்ற சிறு தீவு. அங்கே வளரும் தாழையின் சொந்தக்காரச் செடி ஒன்றை ஆய்ந்தவர்கள், மழைநீரைப் பிடித்து விழுதின் நுனிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் முழு ஏற்பாடு அதில் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். விழுதின் மேற்புறத்தில்கூட அதற்கு வாய்க்கால் இருக்கிறதாம். சொட்டுநீர்ப் பாசனம் யார் கண்டுபிடித்தது என்று இனி யாரும் சண்டை போட வேண்டாம்.

ஆண் வேறு, பெண் வேறு

பனை போலவே தாழையிலும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. நாம் 'தாழம்பூ' என்று சொல்லி, துணிப் பெட்டியில் வைப்பதும், கல்யாணப் பெண்ணின் சடையில் தைப்பதும் ஆண் பூ. அதிலும் நாம் கையில் பிடித்திருப்பது இதழ் அல்ல. தாழம்பூவுக்கு இதழே கிடையாது. வெளிர் மஞ்சளாக நீண்டிருப்பது பூங்கொத்தை மூடிய மடல். மடலுக்குள் கதிர்கதிராக மகரந்தம். காற்றுதான் முக்கியமாகத் தூது போகிறது. மணம் ஓரிரு நாள்தான், பிறகு மடல் வாடித் தொங்கிவிடும்.

பெண் செடியின் பூவை நம்மில் பலர் பூவென்றே கண்டதில்லை. மணமில்லை. உருண்டையாக, பச்சையாக, சின்னப் பலா மூசு போல இருக்கும். பழுக்கப் பல மாதம் ஆகும். பழுத்தால் ஆரஞ்சு சிவப்பில், அன்னாசி போலத் தொங்கும். பிறகு ஆப்பு ஆப்பாக உதிரும். ஒவ்வொரு ஆப்பும் நார் நிறைந்து நெட்டி போல லேசாக இருக்கும். கடலில் விழுந்தால் மிதக்கும், அலை எங்கே தள்ளுகிறதோ அங்கே முளைக்கும். இந்தியக் கடற்கரையில் இருந்து பசிபிக் தீவுகள் வரைக்கும் தாழை இனங்கள் பரவிக் கிடப்பதற்கு இந்த நெட்டிதான் தோணி. நிக்கோபார் தீவுக்காரர்களுக்கு அங்குள்ள பெரிய பழத் தாழை முக்கிய உணவு. மார்ஷல் தீவுகளிலும் கிரிபாட்டியிலும் அப்படியே. நம்முடையதில் சதை குறைவு, வௌவாலும் நண்டும் தின்பதோடு சரி.

பூ வந்த நுனி அத்தோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அதன் பக்கத்தில் இருந்து புதுக் கிளை கிளம்பும். அதனால் கிளையில்லாமல் நெட்டையாக ஒரு தாழை நின்றால் அது இன்னும் பூக்கவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஓலையை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று சொல்லி என்னிடம் கன்று கொடுத்தவர் சொன்னதும் தப்பாகத்தான் போனது.

இடி இடித்தால் தாழை பூக்கும் என்று ஊரில் சொல்வார்கள். மழைக்காலத்தை ஒட்டிப் பூக்கிற செடி, அந்தக் காலத்தில் இடியும் இருக்கிறது. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மடலுக்குள் பூநாகம் இருக்கும் என்பதும் அப்படித்தான். நான் பார்த்த வரைக்கும் உள்ளே இருந்தது சின்ன வண்டும் புழுவும். புதருக்குள் நிஜப் பாம்பு உண்டு, அதை மறுக்கவில்லை. எலி இருக்கிற இடத்துக்கு அது வரத்தான் செய்யும். செம்போத்துக்கும் கீரிக்கும் கூட அதுதான் வீடு.

எங்கே நிற்கும், எங்கே நிற்காது

கடற்கரையில் அலை வந்து தொடும் இடத்தில் தாழையை வைத்துவிட்டுப் பட்டுப்போச்சு என்று சொல்பவர்கள் உண்டு. கடற்கரைக்கு என்று ஒரு வரிசை இருக்கிறது. அலையின் ஓரத்தில் முதலில் ஓடுவது அடம்பங்கொடி. அதோடு இராவணன் மீசைப் புல். இரண்டும் படர்ந்து மணலுக்கு முதல் முடிச்சுப் போடும். அந்த முடிச்சின் மேல் சிறு மேடு எழும்பிய பிறகு, அதன் முதுகிலும் உள்சரிவிலும் தாழை, பீச்சங்கு. அதற்கும் உள்ளே புன்னை, பூவரசு, பனை. தினம் இரண்டு முறை கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகச் சேறு அலையாத்தி மரங்களின் இடம், அங்கே தாழை நிற்காது. எப்போதாவது உப்புநீர் வந்து வடிந்தால் தாங்கும். நின்றால் அழுகும். கடலோரம் என்றில்லை, உள்நாட்டில் ஓடைக்கரை, வாய்க்கால் கரையிலும் நன்றாக வரும். வேண்டியது வடியும் மண்ணும், வேர் எட்டும் தூரத்தில் ஈரமும், வெயிலும்.

இப்போது என் குட்டைக்கு வருகிறேன். மணலில் பெய்த மழை கீழே இறங்கி, நிலத்தடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதக்கிறது, பால் மேல் ஆடை மாதிரி. நல்ல நீர் லேசு, உப்பு நீர் கனம். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், அதன் கனம் கீழே சுமார் நாற்பது அடிக்கு உப்பு நீரை அழுத்தி வைக்கும் என்று நூறாண்டுக்கு முன்பே ஐரோப்பியர் இருவர் தனித்தனியாகக் கணக்குச் சொல்லிவிட்டார்கள். மணல்மேடு உயரமாக இருந்தால் அந்த ஓரடி, இரண்டடி தேங்குவதற்கு இடம் இருக்கிறது. மேடு கரைந்தால் மேலே ஓரடி போகும், கீழே நாற்பது அடி ஏறி வரும். நான் செய்தது இதைத்தான். மேட்டைப் பிடித்திருந்த செடியை எடுத்தேன், மேடு போனது, உப்பு ஏறியது. அது போதாதென்று குட்டையை ஆழப்படுத்தி உப்பை நானே தொட்டேன்.

கஜா வந்த இரவு

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா கரையேறியது. எங்கள் பகுதியில் தென்னையும் மாவும் சவுக்கும் எப்படி விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. என் சவுக்கு முழுக்க மேற்கே பார்த்துப் படுத்திருந்தது. மேடு இருந்த இடத்தின் வழியாகக் கடல் சேறு உள்ளே வந்து வயலில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

எனக்கு வடக்கே மூன்றாவது வயல் சித்தப்பா முறைக்காரர் ஒருவருடையது. அவர் தாழையை வெட்டவில்லை. சோம்பேறித்தனத்தால் வெட்டவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அவர் தென்னையும் விழுந்தது, ஓட்டு வீடும் போனது. ஆனால் வயலுக்குள் சேறு வரவில்லை. தாழையின் ஓலையெல்லாம் கிழிந்து ஈர்க்குச்சியாகத் தொங்கியது, தண்டு சில ஒடிந்திருந்தது, மேடு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. தை மாதமே அவர் கீரை போட்டுவிட்டார். நான் உப்பைக் கழுவ இரண்டு மழைக்காலமும் இரண்டு முறை தக்கைப்பூண்டும் தேவைப்பட்டது.

இதை வைத்துத் தாழை இருந்தால் புயல் ஒன்றும் செய்யாது, சுனாமி வராது என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். பேரலைக்கு முன்னால் ஒரு வரிசைப் புதர் ஒன்றுமில்லை. ஆனால் அகலமான அடர்ந்த வரிசை வேறு கதை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் தாய்லாந்திலும் கடலோர மரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த பொறியாளர்கள், தண்ணீரின் வேகத்தைக் குறைப்பதில் தாழை சிறந்த ஒன்று என்று கண்டார்கள். காரணம் அந்த முட்டு வேர்ச் சிக்கல். சவுக்கு உயரமாக நிற்கிறது, ஆனால் அடிப்பக்கம் வெறும் தண்டு, தண்ணீர் நடுவில் புகுந்து ஓடிவிடும். அதனால் உயரத்துக்குச் சவுக்கு, அடியில் தாழை என்று இரண்டு அடுக்காக வைக்கலாம் என்பது அவர்கள் சொன்ன யோசனை. நான் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தேன். இரண்டையும் சேர்த்து வைத்திருக்கலாம்.

சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்கச் சவுக்கு வந்தது. சவுக்கை நான் குறை சொல்லவில்லை, விறகும் கழியும் தருகிற மரம். ஆனால் அதை விற்பதற்காகத்தான் வைக்கிறோம். சில ஆண்டில் வெட்டுவோம், வெட்டிய அன்று கரை மொட்டை. தாழையை யாரும் மொத்தமாக வெட்டி விற்க முடியாது. அந்தக் காசில்லாத குணம்தான் அதைக் காப்பாற்ற வேண்டியது. நடந்தது தலைகீழ்.

காசு கிடைக்காதா?

கிடைக்கும் இடமும் உண்டு. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், சத்ரபூர், ரங்கைலுண்டா, சிகிடி பகுதிகளில் வயல் வரப்பு எல்லாம் தாழை. அங்கே அதற்குக் கேவடா என்று பெயர். காலையில் பூவை ஒடித்து, மணம் போவதற்குள் ஊரிலேயே இருக்கும் வடிசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். செம்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு, வாயைக் களிமண்ணால் பூசி, அடியில் விறகு எரித்து ஆவியைப் பிடிக்கிறார்கள். அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கினால் அத்தர், தண்ணீராகப் பிடித்தால் கேவடா நீர். வடநாட்டுப் பிரியாணியிலும் இனிப்பிலும் வரும் மணம் அதுதான். இந்தியாவின் கேவடா தொழிலில் பெரும்பகுதி அந்த ஒரு மாவட்டம். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே கோபால்பூர் கரையில்தான் ஏறியது. ஆனாலும் அங்கே உழவர் தாழையைப் பிடுங்கவில்லை, பூவுக்கு விலை இருக்கிறது. விலை ஏறி இறங்குவதும், செயற்கை மணம் போட்டிக்கு வருவதும் அவர்களுக்கும் தொல்லைதான்.

கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துத் தழவா ஊரில் ஓலையின் முள்ளைச் சீவி, அவித்து, காயவைத்து, கீறிப் பாய் முடைகிறார்கள். அந்தக் கைவினைக்கும் குறியீடு உண்டு. எங்கள் பக்கம் கோரைப்பாய்தான், தாழைப் பாய் கிடையாது. விழுதைத் தட்டி நார் பிரித்துச் சுண்ணாம்பு அடிக்கும் மட்டை செய்வது மட்டும் அப்பா காலத்தில் இருந்தது. பொங்கலுக்கு முன் பத்து மட்டை செய்து கடைக்குக் கொடுப்பார். நைலான் தூரிகை வந்ததும் அதுவும் நின்றது. பூவை உள்ளூர்ச் சந்தையில் கொடுத்தால் கைச்செலவுக்கு ஆகும். சிவனுக்குத் தாழம்பூ ஆகாது என்பார்கள். உத்தரகோசமங்கையில் மட்டும் சாத்துகிறார்கள். ஆக, எங்கள் பகுதியில் இதை நட்டுப் பணம் பண்ணலாம் என்று நான் சொல்லமாட்டேன். குட்டைத் தண்ணி இனிப்பாக இருப்பதற்கு என்ன விலை என்று கேட்டால் சொல்வேன்.

மறுபடி நட்டது

2019 ஐப்பசியில் முதல் மழைக்குப் பிறகு சித்தப்பா புதரில் இருந்து கன்று எடுத்தேன். பழத்தைப் போட்டும் முளைக்க வைக்கலாம், ஆனால் முளைக்க மாதக்கணக்காகும், வளர்வதும் மெதுவு. பக்கக்கன்றுதான் எளிது. அடித்தண்டில் இருந்து கிளம்பிய, வேர் மொட்டு தெரிகிற, முழங்கை நீளக் கன்றாகப் பார்த்து வெட்டினோம். ஓலையில் பாதியைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேர் பிடிப்பதற்குள் ஓலை வழியே ஈரம் போய்விடும். வெட்டுவாய் ஆற நிழலில் மூன்று நாள் போட்டோம். நாலு விரல் கையுறை போட்டும் என் கை முழுக்கக் கீறல்.

ஒன்றரை அடிக் குழி, மக்கிய எரு இரண்டு கூடை, மணலோடு கலந்து. ஆறடி இடைவெளியில் இரண்டு வரிசை, ஒன்றின் இடுக்கில் மற்றது வருவது போல. மொத்தம் 140 கன்று. முதல் தப்பு இங்கேதான் செய்தேன்: தாழைக்கு முன்னால் அடம்பங்கொடியை ஓடவிடாமல், வெறும் மணலில் நேரே நட்டேன். அந்த வாடையிலேயே முன்வரிசையில் பாதி புதைந்தும் சாய்ந்தும் போனது. அடுத்த ஆண்டு தென்னை மட்டையைக் குத்துக்குத்தாய் நட்டு மணலைத் தடுத்து, அடம்பங்கொடியைத் துண்டு துண்டாய்ப் புதைத்துவிட்டு, அதன் பின்னால் மறுநடவு செய்தேன். அதற்குப் பிறகு நின்றது. முதல் கோடையில் வாரம் ஒருமுறை குடத்தில் தண்ணீர். இரண்டாம் ஆண்டு அதுவும் இல்லை. ஆடு ஒருமுறை வாய் வைத்துப் பார்க்கும், மறுமுறை வராது.

இன்னொரு தப்பும் சொல்லிவிடுகிறேன். ஒரே புதரில் இருந்து கன்று எடுத்தால் எல்லாம் ஒரே தாயின் அச்சு. தாய் ஆண் என்றால் நூறு கன்றும் ஆண். பூ வரும், பழம் வராது, கடலோரம் தானாக ஒரு கன்று முளைக்காது. பூவுக்கு ஆசைப்பட்டு ஆணையே நட்டுக்கொண்டு போனால் ஒருநாள் விதையே இருக்காது. அதனால் இரண்டு மூன்று ஊரில் இருந்து, பழம் தொங்கும் செடி ஒன்றும் மடல் விடும் செடி ஒன்றுமாகப் பார்த்துக் கன்று எடுங்க. நான் 2021இல் வேறு ஊரில் இருந்து முப்பது கன்று கொண்டுவந்து இடையில் நட்டேன்.

மேடு இப்போது என் இடுப்பு உயரம். அப்பா காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. குட்டைத் தண்ணீரில் பால் திரிவதில்லை, பருப்பு இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. 2023 ஆவணியில் வடக்கு ஓரத்துச் செடியில் முதல் மடல் வெடித்தது. வாசம் வீடு வரைக்கும் வந்தது. அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. மடலைக் கையில் கொடுத்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் பூத்துது?" என்று கேட்டாங்க. வடக்கு என்றேன். "அப்ப தெக்கால சந்து விட்டிருக்க. அங்கதான் தண்ணி வரும், அடைச்சுடு" என்றாங்க. போய்ப் பார்த்தேன். பத்தடிக்குக் கன்று பட்டுப்போய் வெற்றிடமாகத்தான் இருந்தது.

தெற்கே எனக்கு அடுத்த மேட்டை இப்போது இறால் குட்டைக்காக மட்டப்படுத்தப் பேச்சு நடக்கிறது. மணல்மேடுகள் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மிக முக்கியமாகக் காக்க வேண்டிய முதல் வகைப் பகுதியில் வருகின்றன. அது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த கிராமசபையில் அறிவிக்கையின் படியைக் கொண்டுபோய் வைப்பதாக நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். இடத்துக்காரர் எனக்குப் பங்காளி. "நீ புடுங்குனப்ப யார் உன்னைக் கேட்டா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. என் வயலுக்குக் கூட்டிப் போய், கரித்த பழைய குட்டையையும் இப்போதைய குட்டையையும் கையில் அள்ளிக் குடித்துப் பார்க்கச் சொன்னேன். குடித்தார். ஒன்றும் சொல்லாமல் போனார்.

இந்த ஐப்பசியில் தெற்குச் சந்தை அடைக்கப் போகிறேன். கன்று மீதமாகும். ஆண், பெண் இரண்டும் இருக்கிறது, எந்தச் செடி எது என்று துணி கட்டி வைத்திருக்கிறேன். கடலோர உழவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போகலாம், காசு வேண்டாம். அரிவாளும் சாக்கும் கொண்டு வாங்க. முழுக்கைச் சட்டை போட்டுட்டு வாங்க.